அப்பாவுக்கு விலை தெரியும், வாங்குபவரைத் தெரியாது

கேள்வி: திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கும்பகோணத்தில் பி.காம். முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. முதலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான சிறப்புப் பாடத்தை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு மார்க்கெட்டிங் பிடித்திருக்கிறது. “பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதற்கா கடன் வாங்கிப் படிக்கவைத்தேன்?” என்று அப்பா கேட்கிறார். ஃபைனான்ஸ் எடுத்தால் வங்கியில் ஏ.சி. அறையில் உட்காரலாம் என்கிறார் அண்ணன். வகுப்பில் நான்கு ‘பி’, சந்தைப் பிரிப்பு என்று மனப்பாடம் செய்கிறோம்; எங்கள் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. அப்பா இரண்டு ஏக்கரில் கருப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல் போடுகிறார். வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துப் போகிறார். அதே அரிசி சென்னையில் ஒரு கடையில் பல மடங்கு விலைக்கு இருந்ததைப் பார்த்தேன். என் படிப்பு அதற்கு உதவுமா? கோடை விடுமுறை புராஜெக்டை மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் எழுதித் தருவார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். என் சித்தி மகளும் அடுத்த ஆண்டு எம்.பி.ஏ. சேர நினைக்கிறாள், அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரி, மார்க்கெட்டிங் எடுங்கள். ஆனால் புராஜெக்டை மூவாயிரத்துக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் ஃபைனான்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் காரணம் சொல்லத்தான் மீதிக் கடிதம்.

முதலில் உங்கள் அப்பா. அவருடைய பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் அவர் பார்த்த மார்க்கெட்டிங் ஆட்கள் யார்? சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு தண்ணீர் வடிகட்டி விற்க வந்த பையன். உரக்கடை வாசலில் பூச்சிமருந்து நிறுவனத்தின் தொப்பியோடு நின்ற இளைஞர். காப்பீட்டுப் பாலிசிக்கு ஆள் தேடித் திண்ணையில் வந்து உட்கார்ந்த தூரத்து உறவினர். அந்த இடத்தில் தன் மகளை வைத்துப் பார்க்க அவருக்கு முடியவில்லை. கல்விக் கடன் வேறு தலைமேல் இருக்கிறது.

அவர் நினைப்பதில் பாதி உண்மை என்பதையும் மறைக்கக் கூடாது. மார்க்கெட்டிங் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வேலை விற்பனைப் பிரிவில்தான். நானும் சோப்பு, ஷாம்பு விற்கும் நிறுவனம் ஒன்றில் மயிலாடுதுறை–சீர்காழி வழித்தடத்தில்தான் தொடங்கினேன். காலையில் விநியோகஸ்தரின் கிடங்கு, பிறகு அவருடைய ஆளோடு கடை கடையாக ஆர்டர் எடுப்பது, சாயங்காலம் வசூல் கணக்கு. மாதத்தின் கடைசி வாரத்தில் மேலாளரின் தொலைபேசி அழைப்பு வந்தாலே வயிறு கலங்கும். பிராண்ட் மேலாளர், விளம்பரத் திட்டம், சந்தை ஆய்வு என்று பாடநூலில் படிக்கும் பதவிகள் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய நிறுவனங்கள்கூடத் தங்கள் இளைஞர்களை முதலில் களத்துக்குத்தான் அனுப்புகின்றன. மளிகைக் கடைக்காரர் ஏன் ஒரு பொருளை முன்வரிசையில் வைக்கிறார், இன்னொன்றை ஏன் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார் என்று பார்க்காதவர் எழுதும் விளம்பரத் திட்டத்தை நான் நம்பமாட்டேன்.

அண்ணன் சொல்லும் ஏ.சி. அறைக்கு வருவோம். அது அரசுடைமை வங்கியின் அதிகாரி நாற்காலி என்றால், அதற்கு ஐ.பி.பி.எஸ். என்ற வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் தேர்வை எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம். முடித்த அன்றே உங்களுக்கு அந்தத் தகுதி வந்துவிட்டது, எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் தேவையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அதிகாரிகள் தேர்வில் ‘மார்க்கெட்டிங் ஆபீசர்’ என்றே ஒரு பதவி இருக்கிறது. அதற்குக் கேட்பது மார்க்கெட்டிங்கில் இரண்டு ஆண்டு முழுநேர முதுகலைப் படிப்பு. இதை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

தனியார் வங்கிகள், நிதி நிறுவனங்கள் என்றால் நிலைமை வேறு. நம் பக்கத்துக் கல்லூரிகளின் வளாக நேர்காணலுக்கு அவை வரும்போது ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ என்று அழகான பெயர் வைத்திருப்பார்கள். வேலை என்ன? சேமிப்புக் கணக்கு பிடிப்பது, நகைக் கடனுக்கு ஆள் சேர்ப்பது, காப்பீடு விற்பது. அதற்கும் மாத இலக்கு உண்டு. விற்பனைக்குப் பயந்து ஃபைனான்ஸ் எடுத்த என் மாணவர்கள் எத்தனையோ பேர் இன்று விற்பனையில்தான் இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் விற்பனை பற்றி எதையும் படிக்காமல் போனார்கள். கணக்கில் உண்மையான பிடிப்பு இருந்தால் ஃபைனான்ஸ் அருமையான பாடம். தப்பிக்கும் வழியாக அதை எடுப்பது வீண்.

பெண் என்பதால் அப்பா சொல்லாமல் சொல்லும் கவலையும் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர்காணலிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த ஊரில் பணியமர்த்துவார்கள், வெளியூர் தங்கல் மாதத்தில் எத்தனை நாள், போக்குவரத்துச் செலவு எப்படி, மாலையில் எத்தனை மணிக்கு வேலை முடியும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். குழுவில் யார் யார் என்று கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இனி எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம். உங்கள் கடிதத்தில் வகுப்பறையை ஒரு வரியிலும் கவுனி அரிசியை இன்னொரு வரியிலும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்வி.

டெல்டாவில் பிறந்த நமக்கு ஒரு தனிக் குணம் படிந்திருக்கிறது. நெல் என்றால் நேரடிக் கொள்முதல் நிலையம். 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கிக்கொள்ளும். விலை அரசு அறிவித்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, மழை வருமுன் மூட்டை எடை போடப்படுமா, சாக்கு இருக்கிறதா, இவைதான் கவலை. அந்த நெல்லை யார் சமைப்பார், என்ன சமைப்பார், அடுத்த முறையும் அதையே கேட்பாரா என்பது விவசாயியின் கவலையாக இருந்ததே இல்லை. இதில் தவறொன்றும் இல்லை. நெல் விலை விழுந்து குடும்பங்கள் மூழ்காமல் இருக்க அந்த ஏற்பாடு வேண்டும், இன்னும் வேண்டும். ஆனால் அதன் விளைவாக, ஒரு நெல்மணியைக் கடித்தே ஈரப்பதம் சொல்லக்கூடிய உங்கள் அப்பாவுக்கு, அந்த நெல்லைச் சாப்பிடப்போகிறவரைத் தெரியாது.

கொள்முதல் நிலையம் எடுக்கும் ஏ.டி.டீ., சி.ஆர். நெல் ரகங்கள் போடும்வரை அது பரவாயில்லை. கவுனிக்கு அரசு மாதிரி நிலையான வாங்குபவர் இல்லை. பாரம்பரிய நெல் வந்ததும் கதை மாறிவிட்டது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். 2018இல் அவர் மறைவதற்குள் 174 ரகங்களை மீட்டிருந்தார். கையில் காசில்லாத விவசாயியும் சேர முடிகிற, சேர்ந்தவரே அடுத்தவருக்குப் பரப்புகிற அந்த முறையைவிடச் சிறந்த விநியோகத் திட்டத்தை நான் எந்த நிறுவனத்திலும் பார்க்கவில்லை. உங்கள் ‘சேல்ஸ் அண்ட் டிஸ்ட்ரிபியூஷன்’ ஆசிரியரிடம் இதைச் சொல்லி விவாதியுங்கள். விதை திரும்பி வந்துவிட்டது. அரிசியை வாங்குகிறவரைத் தேடும் வேலைக்குத்தான் ஆள் போதவில்லை. அந்த வேலைக்குத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்கு ‘பி’யை 1960இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தார், பொருள், விலை, இடம், விளம்பரம் (ஆங்கிலத்தில் நான்கும் ‘பி’யில் தொடங்கும்) என்று தேர்வில் எழுதியிருப்பீர்கள். தேர்வில் எழுதும்போது அவை நான்கு தலைப்புகள். களத்தில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் நகரும். உங்கள் கவுனியையே எடுத்துக்கொள்வோம். சென்னைக் கடையில் பார்த்த விலை உங்கள் கண்ணை உறுத்துகிறது அல்லவா? அந்த விலையைப் பின்னோக்கிப் பிரியுங்கள். நான் சொல்வது கற்பனை எண்கள், உண்மை எண்களை நீங்களே விசாரித்துப் போட வேண்டும். ஒரு கிலோ பாக்கெட் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 50 எடுக்கிறார், மிச்சம் 150. விநியோகஸ்தருக்கு 15, மிச்சம் 135. உறை, லேபிள், கல் பொறுக்கும் கூலி 12. வண்டிச் செலவு 8. விற்காமல் திரும்பி வருவது, வண்டு விழுந்தது 5. அரவைக் கூலி, மூட்டை ஏற்றி இறக்கும் கூலி 10. கையில் நிற்பது 100. அந்த ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு நெல் போனது? நெல்லில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி; பதர், குருணையும் கழிந்தால் 1.4 கிலோ நெல் ஆகும் என்று கொள்வோம். ஆக, நெல்லுக்குக் கிடைப்பது கிலோவுக்கு 71 ரூபாய் சுமார். அதுவும் கடைக்காரர் கடனுக்கு வாங்கினால் இரண்டு மாதம் கழித்து.

இந்த 71ஐ, வியாபாரி களத்தில் ரொக்கமாகக் கொடுத்த விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். “பல மடங்கு” என்று நீங்கள் எழுதியது எங்கே போனது என்று மட்டும் இப்போது தெரிந்திருக்கும். வியாபாரியைத் திட்டுவது நம் ஊரில் எளிது. அவர் ரொக்கம் கொடுக்கிறார், கிடங்கில் வைக்கிறார், வண்டு விழும் நட்டத்தைச் சுமக்கிறார். கவுனிபோல் தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அது வெள்ளை அரிசியைப் போல் நீண்ட நாள் தாங்காது. இந்த வேலைகளில் எதை அவரைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்? அதற்கு விடை இருந்தால் தொழில் இருக்கிறது.

வாங்குபவர்களை வகைவகையாகப் பிரிக்கும் சந்தைப் பிரிப்பும் இங்கேதான் உயிர் பெறும். கவுனியை வாங்குவது யார்? சர்க்கரை நோய் வந்தபிறகு வெள்ளைச் சோற்றைக் குறைக்கச் சொல்லப்பட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர். செட்டிநாட்டு வீடுகளில் விசேஷத்துக்குக் கவுனி அரிசி இனிப்பு செய்யும் குடும்பம் இன்னொன்று. சத்துமாவு, கஞ்சி மாவு தயாரிக்கும் சிறு நிறுவனம் மூன்றாவது. முதலாமவர் மாதம் இரண்டு கிலோ வாங்கிவிட்டு, வேக நேரமாகிறது என்று மூன்றாம் மாதம் நிறுத்திவிடலாம். இரண்டாமவர் எப்போதாவது வாங்குவார், ஆனால் விலை பேசமாட்டார், அரிசியின் தரம் பார்ப்பார். மூன்றாமவருக்கு அழகான உறை தேவையே இல்லை, சாக்கில் கொடுத்தால் போதும், குருணையைக்கூட எடுத்துக்கொள்வார். இரண்டு ஏக்கர் விளைச்சலுக்கு மூன்று பேரையும் துரத்த முடியாது. ஒருவரைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே பாக்கெட்டின் அளவு, விலை, கடை, சொல்லும் வார்த்தை எல்லாம் முடிவாகிவிடும். என்னைக் கேட்டால் மாவு தயாரிப்பவரிடமிருந்து தொடங்குவேன். பளபளப்பு இல்லாத வழிதான், ஆனால் பணம் வரும் தேதி தெரியும்.

சொல்லும் வார்த்தை என்றதும் ஓர் எச்சரிக்கை. “சர்க்கரை நோயைக் குணமாக்கும்” என்று எந்த அரிசிப் பாக்கெட்டிலும் அச்சடிக்க வேண்டாம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் அனுமதிப்பதில்லை. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் நீரிழிவு இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் இது மீறப்படுகிறது என்பது வேறு கதை. சந்தையில் நீண்ட நாள் நிற்க நினைப்பவர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சட்டமும் பொட்டலமும் எப்படி ஒன்றையொன்று வளைக்கும் என்பதற்கு உங்கள் வீட்டு அரிசி மூட்டையே சாட்சி. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு, 25 கிலோ வரை உள்ளவற்றுக்கு, 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்குமேல் எடை இருந்தால் வரி இல்லை. சில நாட்களில் தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. பொருள் மாறவில்லை, நெல் மாறவில்லை. ஒரு கிலோ கூடியதில் விலை இறங்கியது. ஆனால் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்கும் குடும்பம் வரியோடுதான் வாங்குகிறது. யாருக்கு இதில் லாபம், யார் தலையில் சுமை என்று எழுதினால் அதுவே விலை நிர்ணயப் பாடத்துக்கு ஒரு நல்ல கட்டுரை.

இன்னொன்று கடலூரிலிருந்து. 1983இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றது. எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டானாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். மக்கள் பழகிய பிறகு, சிக்கின் காலி பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். நடவுக்குப் போய் அன்றன்றைக்குக் கூலி வாங்கும் பெண் பாட்டில் வாங்கமாட்டார், வெள்ளிக்கிழமை தலை முழுக ஒரு பாக்கெட் வாங்குவார் என்பதைப் பார்த்து எடுத்த முடிவு அது. இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுப் பாடநூல் தேவைப்படவில்லை. பாடநூல் இருந்தால், ஏன் வேலை செய்தது என்று பெயரிட்டுச் சொல்ல முடிகிறது, அடுத்த பொருளுக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடிகிறது. படிப்பின் பயன் அவ்வளவுதான், அது குறைவும் இல்லை.

டெல்டாவின் பண நாட்காட்டியையும் நீங்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவீர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விதை, உரம், டிராக்டர் வாடகை என்று பணம் வெளியே போகும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைத்தெருவே ஈரச் சாக்குபோல் கிடக்கும். சம்பா அறுவடையாகித் தை, மாசியில் கொள்முதல் பணம் கணக்கில் விழுந்தபிறகுதான் நகையும் வண்டியும் கல்யாணப் பாத்திரமும். மும்பையில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மாதிரி இலக்கு போடுகிறவருக்கு இது தெரியாது. அதே திருவாரூர் மாவட்டத்தில் கூத்தாநல்லூருக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாதாமாதம் வரும் பணம் மேட்டூர் அணையைப் பார்ப்பதில்லை. ஒரே மாவட்டம், ஒரே பஸ் வழித்தடம், இரண்டு சந்தைகள். நேர்காணலில் இதை நான்கு வரியில் சொல்லத் தெரிந்தால் உங்கள் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்று யாரும் கவனிக்கமாட்டார்கள். (அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள், தினமும் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள், போதும்.)

இப்போது புராஜெக்ட். அந்த மூவாயிரம் ரூபாய் அறிக்கை எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். தலைப்பு “வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு”. பதில் சொன்னவர்கள் 120 பேர் என்று இருக்கும். அவர்களில் பாதிப் பேர் அந்த மாணவரின் வகுப்புத் தோழர்கள், மீதிப் பேர் பிறக்கவே இல்லை. வட்ட வரைபடம் ஒன்று, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை ஒன்று, “நிறுவனம் தரத்தை மேம்படுத்த வேண்டும்” என்ற பரிந்துரை ஒன்று. நேர்காணல் குழுவில் இருக்கும் எவரும் இரண்டே கேள்வியில் அதைப் பிடித்துவிடுவார். “எந்தக் கடையில் நின்றீர்கள்? கடைக்காரர் முதலில் என்ன சொன்னார்?” வாங்கிய அறிக்கையில் கடைக்காரர் பேசமாட்டார்.

உங்களுக்கு நான் தரும் தலைப்பு இது: கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியில் பாரம்பரிய அரிசி விற்கும் கடைகளில் மறுமுறை வாங்க வருபவர் யார், வராதவர் ஏன் வரவில்லை. கடைகளின் பட்டியலை முதல் வாரத்தில் நீங்களே நடந்து தயாரியுங்கள். கேள்வித்தாளை இணையத்தில் நண்பர்களுக்கு அனுப்புவதில் பயனில்லை. கடை வாசலில் நின்று கேளுங்கள். அதிலும் “வாங்குவீர்களா?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் “வாங்குவோமே” என்பார்கள், உங்கள் அறிக்கை மகிழ்ச்சியாக முடியும், அரிசி கடையிலேயே கிடக்கும். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எத்தனை கிலோ, வீட்டில் யார் சொல்லி வாங்கினீர்கள், சமைத்தபோது என்ன ஆனது, பாதிப் பாக்கெட் இன்னும் டப்பாவில் இருக்கிறதா? நடந்ததைக் கேட்டால் உண்மை வரும், நடக்கப்போவதைக் கேட்டால் மரியாதை வரும்.

அரிசி அலுத்துவிட்டால் வேறு தலைப்புகளுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, கும்பகோணம் வெற்றிலை எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை; குறியீடு கிடைத்த பிறகு நெசவாளிக்கோ கொடிக்கால்காரருக்கோ ஒரு ரூபாய் கூடியதா என்று கேட்டு எழுதலாம். 2028இல் மகாமகம் வருகிறது, கும்பகோணத்து விடுதிகளும் உணவகங்களும் என்ன திட்டம் வைத்திருக்கின்றன என்பது சேவைச் சந்தைப்படுத்தலுக்கு நல்ல களம்.

விருப்பப் பாடங்களில் சந்தை ஆய்வு, நுகர்வோர் நடத்தை, விற்பனையும் விநியோகமும் ஆகிய மூன்றையும் விடாதீர்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங்கை எல்லோரும் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள், ஆனால் அதன் கருவிகள் நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும். எக்ஸெல் கைப்பழக்கமாக வேண்டும்.

சித்தி மகளுக்குச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளின் எம்.பி.ஏ. இடங்களுக்கான வழி. ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வு அதைவிடக் கடினம். வழக்கமாக நவம்பர் இறுதியில் வரும், இரண்டு மணி நேரம், மூன்று பகுதிகள். அதற்குத் தயாராகத் துணிந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய கதவுகள் இருக்கின்றன: 2011இல் தொடங்கிய ஐ.ஐ.எம். திருச்சி, கேட் மதிப்பெண்ணைப் பார்க்கும் என்.ஐ.டி. திருச்சியின் மேலாண்மைத் துறை. பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984 முதல் இருக்கிறது. வேறு எந்தக் கல்லூரியானாலும், “வேலைவாய்ப்பு நூறு சதவீதம்” என்ற பலகையைப் பார்த்து மயங்காமல், சென்ற ஆண்டு மார்க்கெட்டிங் மாணவர்கள் எந்த நிறுவனத்தில் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் பட்டம் முடித்து ஓராண்டு எங்காவது வேலை பார்த்துவிட்டுச் சேரட்டும். வகுப்பில் கேள்வி கேட்கத் தெரியும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. வாதாட வேண்டாம். இந்த முறை கவுனி அறுத்ததும் ஒரே ஒரு மூட்டையை வியாபாரியிடம் கொடுக்காமல் நிறுத்திவையுங்கள். அதற்குமேல் வேண்டாம், வீட்டுப் பணத்தை வைத்துத் தொழில் தொடங்கும் நேரம் இது இல்லை. அப்பாவையும் அழைத்துக்கொண்டு அரவைக்குப் போங்கள். அரவை, பதப்படுத்தல் சந்தேகங்களுக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. முன்பு நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்த இடம்தான் அது, அங்கே கேட்கலாம். பிறகு அந்த அரிசியோடு திருச்சியில் ஒரு மாவு தயாரிப்பவரிடமும் ஒரு கடைக்காரரிடமும் இருவரும் போய் உட்காருங்கள். நெல்லைப் பற்றி அப்பா பேசட்டும், விலையைப் பற்றி நீங்கள் பேசுங்கள். விற்பனை என்பது அவர் திண்ணையில் பார்த்த கெஞ்சல் மாதிரி இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

கடையில் விற்க உறை போடும் நிலை வந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலமிட்டவர் பெயர் முகவரி, பொட்டலமிட்ட மாதம் ஆண்டு, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். புராஜெக்டுக்குக் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தைத் தேர்வுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்கமாட்டார், கடிதம் இல்லாமல் விநியோகஸ்தரின் கிடங்குக்குள் விடமாட்டார்கள். நான் மேலே போட்ட கற்பனைக் கணக்கை உண்மை எண்களோடு எக்ஸெலில் போட்டு எனக்கு அனுப்புங்கள். வண்டிச் செலவையும் கூரியர் செலவையும் ஒன்றாகக் கூட்டிவிடாமல் தனித்தனி வரிகளாக வையுங்கள்.